உப்பும் ஒரு விசை

முத்துச்சிப்பி விளையும் தூத்துக்குடிக் கடலடிப் பார்களில் கடைசி முத்துச்சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961-ல் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமியும் அவரோடு உழைத்தவர்களும் சிப்பிக்குள் கருவை வைத்து இதே கரையில் முத்தை விளையவைத்துக் காட்டினார்கள். ஆனாலும் சலாபம் திரும்பவில்லை. சங்கு குளிப்பும் மீன்பிடியும் நிலைத்தன. கரையடையாளத்தையும் விண்மீனையும் வைத்துப் பார் கண்டவர்களின் பேரன்மார் இன்று ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஎச்எஃப் வயர்லெஸ் என்ற பெட்டிகளை நம்பிக் கடலுக்குப் போகிறார்கள். மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1976-ல் வகுத்த எல்லை தண்ணீரில் தெரியாது. திரை காட்டினால்தான் உண்டு. திரை அணைந்த படகு எல்லை தாண்டினால், படகும் ஆட்களும் பிடிபட வேண்டியதுதான். ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசின் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கப்போகும் சர்க்யூட் போர்டுகளின் எண்ணிக்கை இனி கூடத்தான் செய்யும்.

அந்தப் போர்டில் எந்த உறுப்பு எங்கே உட்கார வேண்டும், எந்தச் செம்புக் கோடு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை வடிவமைப்பு மென்பொருளிடம் விடலாமா என்பது ஐம்பது ஆண்டுக் கேள்வி. அதற்கு வந்த விடைகளில் வலுவானவை இயற்பியலைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை: சுருள்வில், சூடு, மின்னூட்டம், ரப்பர் வளையம். அவற்றை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிட்டு, இந்தக் கரையின் காற்றுக்கு அவை போதுமா என்று கேட்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குக்குள் எந்த விசையை எழுதுகிறோமோ அதற்குத்தான் போர்டு கட்டுப்படும். உப்பை யாரும் ஒரு விசையாக எழுதவில்லை. எழுத முடியும், எழுத வேண்டும்.

சுருள்வில்லிலிருந்து தொடங்கலாம். 1979-ல் நீல் குவின், மெல்வின் புரூவர் இருவரும் பிசிபி எனப்படும் சர்க்யூட் போர்டின் உறுப்புகளை விசைகளால் இடம்பிடிக்கவைக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். எந்த இரண்டு உறுப்புகளுக்கு இடையே மின்இணைப்பு இருக்கிறதோ அவற்றைச் சுருள்வில்லால் கட்டியதாக எண்ணிக்கொள்ள வேண்டும். இணைப்பு நீள நீள இழுவை கூடும் என்பது ஹூக் விதி. எல்லா இழுவையும் சமநிலைக்கு வரும் இடத்தைச் சமன்பாடுகளால் கண்டுபிடித்தால், கோடுகளின் மொத்த நீளம் தானாகக் குறைகிறது. இழுவை மட்டும் இருந்தால் எல்லா உறுப்புகளும் ஒரே புள்ளியில் வந்து குவிந்துவிடும். அதனால் இணைப்பில்லாத உறுப்புகளுக்கு இடையே விலக்கு விசை ஒன்றையும் சேர்த்தார்கள். ஓரத்தில் நிலையாக நிற்கும் கனெக்டர்கள் நங்கூரமாகின்றன. இன்று சிப்புகளுக்கு இடம் வகுக்கும் பெரிய மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இருக்கும் இந்தக் கருத்து, சர்க்யூட் போர்டுக்காகவே இவ்வளவு முன்பே எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சுருள்வில் முறைக்கு ஒரு குறை உண்டு. அருகில் கிடைத்த பள்ளத்தில் அது உட்கார்ந்துவிடும். பக்கத்து மேட்டைத் தாண்டினால் இன்னும் ஆழமான பள்ளம் இருக்கலாம். அதைத் தேடி மேடு ஏற அதற்குத் தெரியாது. மேடு ஏறும் துணிச்சலைக் கொடுத்தது சூடு. 1953-ல் லாஸ் அலமோஸில் மெட்ரோபொலிஸ், ரோசன்புளூத் தம்பதி, டெல்லர் தம்பதி ஆகிய ஐவரும், வெப்பத்தில் அலையும் அணுக்களைக் கணினியில் நடத்திக்காட்ட ஒரு வழி கண்டார்கள். ஆற்றல் குறையும் அசைவை எப்போதும் ஏற்பது; கூடும் அசைவை வெப்பநிலைக்கேற்ற நிகழ்தகவோடு சில சமயம் ஏற்பது. முப்பது ஆண்டு கழித்து ஐபிஎம்மின் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெச்சி மூவரும் 1983-ல் 'சயின்ஸ்' இதழில் இதையே வடிவமைப்புக்குத் திருப்பினார்கள். அணு இருந்த இடத்தில் சிப்பு. ஆற்றல் இருந்த இடத்தில் கோட்டு நீளம். ஐபிஎம் 3081 கணினியின் ஒரு பீங்கான் தொகுதியில் 98 சிப்புகளை இடம்மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார்கள். தொடக்கத்தில் 'வெப்பநிலை' அதிகம், மோசமான மாற்றங்களும் நுழையும். மெல்ல மெல்ல ஆறவிட்டால் அமைப்பு நல்ல ஒழுங்கில் உறையும். சிமுலேட்டட் அனீலிங் என்று இதற்குப் பெயர். முத்தையாபுரம் உப்பளப் பாத்தியில் தண்ணீர் நிதானமாக வற்றினால் கல் பெரிதாக விழுவதும் இதே நியாயம்தான்: அவசரப்பட்டால் ஒழுங்கு கூடாது.

இந்தப் பழைய முறையை இன்று ஒதுக்கிவிட முடியாது. 2021-ல் கூகுள் ஆய்வாளர்கள் சிப்பின் பெரிய தொகுதிகளை இடம்பிடிக்கவைக்க, செயற்கை நுண்ணறிவு தானே கற்கும் முறை ஒன்றை 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். 2023-ல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ காங் குழு அதை மறுபரிசோதனை செய்தது. நன்றாக எழுதப்பட்ட அனீலிங் பல சோதனைகளில் புதிய முறைக்கு ஈடாகவோ மேலாகவோ நின்றது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் நாற்பது ஆண்டு பழைய கணக்கு இன்றும் அளவுகோலாக இருக்கிறது என்பதே அதன் தரத்துக்குச் சான்று.

மூன்றாவது உருவகம் மின்னூட்டம். அதே சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் ஜிங்வெய் லூ, சுங்-குவான் செங் முதலியோர் உருவாக்கிய 'ஈபிளேஸ்' ஒவ்வோர் உறுப்பையும் நேர்மின்னூட்டமாகக் கொள்கிறது. நெரிசல் உள்ள இடத்தில் மின்னழுத்தம் கூடும். மின்னூட்டங்கள் நெரிசலிலிருந்து காலியிடம் நோக்கி நகரும். மின்புலத்தைக் கண்டுபிடிக்க பாய்சான் சமன்பாட்டை வேகமான ஃபூரியர் கணக்கால் தீர்க்கிறார்கள். இதன் அழகு என்னவென்றால், எந்த உறுப்பு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று ஜோடி ஜோடியாகப் பார்க்க வேண்டாம். புலம் ஒன்றே எல்லோருக்கும் வழி சொல்லும். 2019-ல் வந்த 'டிரீம்பிளேஸ்' இதே கணக்கை கிராஃபிக்ஸ் செயலிகளில் ஓட்டி நேரத்தை வெகுவாகக் குறைத்தது. சிப்புக்காகப் பிறந்த இந்த வழி இப்போது பிசிபிக்குத் திரும்பி வருகிறது; 2025-ல் வெளியான 'சைப்ரஸ்' என்னும் ஆய்வு அப்படிப்பட்டது.

கோடு போடுவதிலும் இயற்பியல் உண்டு. ரப்பர் வளைய முறையில் கோடு எந்தப் புள்ளிக்கு இடப்பக்கம், எதற்கு வலப்பக்கம் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு இழுத்துக் கட்டிய ரப்பர்போல் அது சுருங்கிக்கொள்ள விடுவார்கள். கீகேட் என்னும் திறந்த மென்பொருளில் செர்ன் ஆய்வகத்தார் எழுதிச் சேர்த்த 'தள்ளிவிடும் ரூட்டர்' என்னும் கோடு போடும் கருவி, புதிய கோட்டை நகர்த்தும்போது பழைய கோடுகளை விலக்கிவிடும். அழுத்தம் போனதும் அவை பழைய இடத்துக்கு மீளும். பிசிபி வரைபவர் ஒருநாள் இதைப் பயன்படுத்தினால் போதும், இல்லாமல் வேலை செய்ய மனம் வராது. என் கணிப்பில், முழுத் தானியங்கி முறைகளைக் காட்டிலும் வரைபவரின் கையோடு கைசேர்ந்து நகரும் இத்தகைய கருவிகளே தொழிலில் அதிகம் சாதித்திருக்கின்றன.

ஏன் அப்படி? சிப்பில் லட்சக்கணக்கான ஒரே மாதிரி உறுப்புகள். போர்டிலோ சில நூறு. ஒவ்வொன்றும் ஓர் அளவு, ஓர் உயரம், ஒரு குணம். எது எதோடு சேர வேண்டும் என்று குறிக்கும் இணைப்புப் பட்டியல் சொல்லாத நியாயங்கள் பல உண்டு. ஐசியின் மின்வழங்கு காலுக்கு ஒட்டியே சிறு கெபாசிட்டர் இருக்க வேண்டும். பட்டியலைப் பொறுத்தவரை அது மின்வழங்கு கோட்டில் எங்கு இருந்தாலும் ஒன்றுதான். கிரவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா உறுப்பும் அதைத் தொடுவதால், சுருள்வில்லாக எழுதினால் போர்டு முழுவதும் ஒரு குவியலாகிவிடும். அதனால் பொதுவாகக் கிரவுண்டை விசைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதிவேக சிக்னலின் திரும்பும் மின்னோட்டம் ஓடுவது அந்தக் கிரவுண்ட் தளத்தில்தான், கோட்டுக்கு நேர் கீழே, இண்டக்டன்ஸ் மிகக் குறைந்த பாதையில். அந்தத் தளத்தில் ஒரு வெட்டு விழுந்தால் மின்னோட்டம் சுற்றிப் போகும். போர்டு இரைச்சலைக் கக்கும். பக்கத்து வயர்லெஸ் கரகரக்கும். சென்னை தரமணியில் உள்ள சமீர் மின்காந்த மையத்தின் சோதனை அறைக்குப் போகும் போர்டு அங்கே விடை சொல்லியாக வேண்டும். ஆக, மென்பொருளுக்குள் இருப்பது உவமையாக எடுத்துக்கொண்ட இயற்பியல். போர்டு பிழைப்பதும் சாவதும் நிஜமான இயற்பியலில். இரண்டுக்கும் இடையே பாலம் கட்டுவதில்தான் திறமை இருக்கிறது.

அந்தப் பாலத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் சி. பாலாஜி, எஸ்.பி. வெங்கடேசன் இருவரும் தங்கள் மாணவர்களோடு, பலகைமேல் சிப்புகள்போல் சூடாகும் வெப்ப மூலங்களை எப்படி இடம்மாற்றி வைத்தால் உச்ச வெப்பநிலை குறையும் என்று தொடர்ந்து ஆராய்ந்தார்கள். டி.வி.வி. சுதாகரோடு சேர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு செங்குத்துக் குழாயில் காற்றோட்டத்தோடு நடக்கும் வெப்பப் பரிமாற்றத்தைப் பற்றியது. பிறகு டி.கே. ஹோட்டாவோடு செய்த பணியில் பரிசோதனைத் தரவே அடித்தளம். அளந்த எண்களைக் கொண்டு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கி, நல்ல அமைப்பைத் தேட ஜெனடிக் அல்காரிதத்தை ஏவினார்கள். மூலங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைக் குறிக்கும் ஒற்றை வடிவ அளவையும் உச்ச வெப்பநிலையையும் தொடர்புபடுத்தினார்கள். கருவி என்னவாக இருந்தாலும், கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று: நிஜ வெப்பத்தை முதலில் அளந்தார்கள், அளந்ததைத்தான் கணக்குக்குள் வைத்தார்கள். உப்புக்கு இதே வேலை இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.

இனி உப்புக்கு வருகிறேன். உப்பு உற்பத்தியில் நாட்டின் முன்னணி இடங்களில் ஒன்று தூத்துக்குடி. கொண்டல் என்னும் கீழைக்காற்று அடிக்கும்போது கடல்நீர்த் துளி காற்றிலேறி எல்லாவற்றின் மேலும் படிகிறது. படிந்த உப்பு வெறும் தூசி அல்ல. சாப்பாட்டு உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து படலமாகும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். உப்பு வாரிய பிறகு பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் இருப்பது இதுதான். ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்கும் நாள் இந்தக் கரையில் அரிது. அதாவது, கடல் உப்பு படிந்த போர்டு பெரும்பாலான நேரம் ஏதோ ஓரளவு ஈரமாகவே இருக்கிறது.

அந்த ஈரப்படலத்தின் குறுக்கே மின்னழுத்தம் இருந்தால் உலோகம் நகரத் தொடங்கும். நேர்முனையில் செம்போ வெள்ளியோ ஈயமோ கரைந்து அயனியாகும். எதிர்முனையில் அது மீண்டும் உலோகமாகப் படிந்து, கிளைவிட்டு, எதிர்ப்பக்கம் நோக்கி வளரும். இரண்டு பக்கமும் தொட்டுவிட்டால் ஷார்ட். இதை மின்வேதி இடப்பெயர்ச்சி என்கிறோம். ரிப்பேர்க் கடையில் பெட்டியைத் திறந்தவர்களுக்குப் பச்சைக் களிம்பு ஏறிய கால்கள் புதிதல்ல. 'உப்பு ஏறிப்போச்சு' என்று சொல்லிப் பிரஷ்ஷால் கழுவுவார்கள்.

இங்கேதான் விசைக் கணக்கின் ஓட்டை தெரிகிறது. சுருள்வில் முறையில் இரண்டு கோடுகளுக்கு இடையே உறவு உண்டா என்பதை இணைப்புப் பட்டியல்தான் முடிவு செய்யும். உப்புப் படலமோ, பட்டியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கோடுகளைத்தான் இணைக்கப் பார்க்கிறது. அவற்றுக்கிடையே எத்தனை வோல்ட், எத்தனை இடைவெளி, எத்தனை நேரம் என்பதே அதற்குக் கணக்கு. எப்போதும் மின்னழுத்தத்தில் நிற்கும் பேட்டரிக் கோடு, எப்போதாவது உயிர்பெறும் சிக்னல் கோட்டைவிட ஆபத்தானது. மென்பொருளில் இருக்கும் விலக்கு விசைக்கு உறுப்பின் பரப்பு மட்டும் தெரியும். வோல்ட் தெரியாது.

தரநிலைகள் இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். ஐபிசி-2221 என்னும் தரநிலை, பூச்சு இல்லாத வெளிக்கோடுகளுக்கு 30 வோல்ட் வரை 0.1 மில்லிமீட்டர் இடைவெளி போதும் என்கிறது; 31 முதல் 100 வோல்ட் வரை 0.6. மேலே நிரந்தரப் பாலிமர் பூச்சு இருந்தால் இரண்டும் முறையே 0.05, 0.13 ஆகச் சுருங்குகின்றன. படகின் பேட்டரி 12 அல்லது 24 வோல்ட். ஆகவே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரைந்தால் மென்பொருளின் விதிச் சோதனை பிழையே இல்லை என்று சொல்லிவிடும். 24 வோல்ட்டை 0.1 மில்லிமீட்டருக்குக் குறுக்கே நிறுத்துவது என்றால் மில்லிமீட்டருக்கு 240 வோல்ட் புலம். அதே போர்டில் ஒரு மூலை காலியாகக் கிடந்து, கோட்டை அங்கே நகர்த்தி இடைவெளியை 1 மில்லிமீட்டர் ஆக்கினால் புலம் பத்தில் ஒரு பங்கு. செலவு ஒன்றும் இல்லை. ஆனால் நகர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விதி ஒரு சுவர். சுவரைத் தொடாதவரை உள்ளே எங்கு நின்றாலும் அதற்குச் சம்மதம். விசை அப்படியில்லை. இடம் இருக்கும்வரை விலகு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். உப்பை விதியாக மட்டும் வைக்காமல் விசையாக எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எழுதுவது கடினமும் அல்ல. ஒவ்வொரு கோட்டு ஜோடிக்கும் நிலையான மின்னழுத்த வேறுபாட்டை வரைபடத்திலிருந்து எடுத்து, இடைவெளியால் வகுத்து, மின்னழுத்தம் நிற்கும் நேரப் பங்கால் பெருக்கினால் ஒரு தண்டனை எண் கிடைக்கும். அதைக் கோட்டு நீளத்தோடு சேர்த்துக் குறைக்கச் சொன்னால் சுருள்வில், அனீலிங், மின்புலம் என எந்த முறையும் ஏற்றுக்கொள்ளும்.

சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. வெப்பக் கணக்கு சூடான உறுப்புகளைப் பரப்பி வை என்கிறது. உப்புக் கணக்கு சில இடங்களில் கொஞ்சம் சூடு நல்லது என்கிறது. காற்று 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும்போது போர்டின் ஒரு பகுதி 35 டிகிரிக்கு ஏறினால், அந்த இடத்தை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதமாகும். சோடியம் குளோரைடு காய்ந்துவிடும்; மெக்னீசியம் உப்பு மட்டும் மிஞ்சும்; படலம் மெலியும். எனவே மின்வழங்கு ரெகுலேட்டரின் மிதமான சூட்டை, சிறு கசிவுக்கும் தடுமாறும் உணரிப் பகுதியின் பக்கமாக வைப்பது நன்மையாகலாம். ஆனால் படகைக் கட்டிவிட்டு எல்லாவற்றையும் அணைத்தபின் விடியற்காலையில் பெட்டிக்குள் பனி கோக்கும்போது இந்த நன்மை இல்லை. ஓடும் நேரம், அணைந்த நேரம் இரண்டுக்கும் தனித்தனி எடை வேண்டும். எந்த எடை சரி என்பதைப் படகின் வாழ்க்கைதான் சொல்லும். இரவு முழுக்கக் கடலில் கிடக்கும் விசைப்படகுக்கு ஒன்று, காலையில் போய் மதியம் திரும்பும் வள்ளத்துக்கு வேறொன்று.

புவியீர்ப்பையும் சொல்ல வேண்டும். சுவரில் செங்குத்தாக மாட்டிய பெட்டியில் தண்ணீர் மேலிருந்து கீழே வழியும். கனெக்டர் மேல் ஓரத்தில் இருந்தால் கேபிள் வழியாக வரும் சொட்டு நேரே போர்டில் இறங்கும்; கீழ் ஓரத்தில் இருந்தால் கேபிளின் வளைவிலேயே சொட்டிப்போகும். நான் அறிந்த இடம்வகுக்கும் கணக்குகளில் மேல் எது, கீழ் எது என்ற தகவலே இல்லை. ஒரே ஒரு அம்புக்குறி சேர்த்தால் தீரும் குறை இது.

பூச்சு அடித்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்பார்கள். அக்ரிலிக், சிலிக்கோன், பாரிலீன் பூச்சுகள் நிச்சயம் காப்பாற்றுகின்றன. சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மிதவைகளில் அனுப்பும் கருவிகள் மூடி முத்திரையிட்ட உறைக்குள் மாதக்கணக்கில் கடலில் கிடக்கின்றன. ஆனால் கனெக்டருக்குள் பூச்சு போகாது. கூர்மையான கால் விளிம்பில் அது மெலியும். முதல் ரிப்பேரில் சால்டரிங் அயர்ன் அதைச் சுரண்டி எடுத்துவிடும். திரும்பப் பூசும் வசதி சிறிய கடைகளில் இருப்பதில்லை. புதிய பெட்டி வாங்க முடியாத படகுக்காரர் இரண்டாவது, மூன்றாவது ரிப்பேரோடுதான் கடலுக்குப் போகிறார். அந்த நிலையில் அவரைக் காப்பது பூச்சில்லாமலும் தாங்கும் இடைவெளிதான். சால்டரிங் முனை நுழைய இடம் விடுவதையும் ஒரு விசையாக எழுதலாம். போர்டு கொஞ்சம் பெரிதாகும், விலை கொஞ்சம் ஏறும். இந்தக் கரைக்கு அது கொடுக்கத் தகுந்த விலை என்றே நினைக்கிறேன்.

யார் எழுதுவது? கீகேட் 1992-ல் பிரான்சில் ழான்-பியேர் ஷாராஸ் தொடங்கியது, மூலநிரல் திறந்தது, பைத்தானில் துணைநிரல் எழுதிச் சேர்க்கலாம். ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் நம் மாணவர்களுக்குக் கொடுக்கும் இ-சிம் மென்பொருளும் கீகேட்டைச் சேர்த்துக்கொண்டதே. தூத்துக்குடி மாவட்டத்திலேயே கோவில்பட்டியிலும் திருச்செந்தூரிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை 2025 ஆகஸ்டில் இங்கே திறந்தது. இரண்டு வேலையும் சர்க்யூட் போர்டு இல்லாமல் நடக்காது. இரண்டும் கடற்காற்று எட்டும் தூரத்தில். வேலைக்கு ஆளும் உண்டு, தேவையும் உண்டு.

இல்லாதது ஓர் எண். உப்பு விசைக்கும் கோட்டு நீளத்துக்கும் இடையே எந்த விகிதம் வைப்பது என்ற எண். அதை ஆய்வகப் பெட்டிக்குள் எடுக்க முடியாது. வழக்கமான உப்புத் தெளிப்புச் சோதனை 35 டிகிரியில் 5 சதவீத சோடியம் குளோரைடு கரைசலைத் தெளிக்கிறது. கசப்பு உப்பு அதில் இல்லை. ஆகவே எளிய சீப்பு வடிவக் கோடுகள் கொண்ட போர்டுகளை 0.1, 0.3, 0.6, 1 மில்லிமீட்டர் இடைவெளிகளில் செய்து, 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் கொடுத்து, பூச்சோடும் பூச்சில்லாமலும், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கூரையிலும், தருவைகுளத்தில் கரையேற்றிய ஒரு வள்ளத்திலும், கோவில்பட்டியில் உள்நாட்டு ஒப்பீட்டுக்காகவும் மாட்டி, ஒரு கொண்டல் பருவமும் ஒரு கோடையும் முழுக்கக் காப்புத்தடையைப் பதிவு செய்ய வேண்டும். செலவு மிகச் சிறியது. இறுதியாண்டு மாணவர் குழுவே செய்யலாம். எந்த இடைவெளியில், எத்தனை வாரத்தில் தடை சரிகிறது என்ற அட்டவணை கையில் வந்தால், அதிலிருந்து எடுக்கும் விகிதத்தை நேராகத் துணைநிரலில் எழுதிவிடலாம்.